டிரம்முக்கு முன்னால் ஒரு செங்கல்

எங்கள் ஊரில் பையன்களைத் திட்டும் முறை ஒரு தலைமுறைக்குள் அடியோடு மாறிவிட்டது. நான் பள்ளிக்கூடம் போன நாளில் சாப்பாட்டுத் தட்டிலோ டெஸ்கிலோ விரலால் தாளம் போட்டால், "என்னலே, கொட்டுக்காரன் மாதிரி?" என்ற கேள்வியோடு முதுகில் ஒன்று விழும். அந்த வசையில் சாதியும் சேர்ந்தே இருந்தது. அடித்தவருக்கும் அது தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும். இன்றைக்கு அதே தாளத்துக்கு, "பெரிய சிவமணின்னு நெனப்போ?" என்கிறார்கள். அடி விழுவதும் குறைந்துபோயிற்று. பத்மஸ்ரீ வாங்கிய ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டு எப்படிக் கையை ஓங்குவது?

ஆனந்தன் சிவமணி 1959 டிசம்பர் 1 அன்று பிறந்த சென்னைக்காரர். அப்பா எஸ்.எம். ஆனந்தனும் தாள வாத்தியக்காரர். ஏழு வயதிலேயே பையன் டிரம்ஸில் உட்கார்ந்துவிட்டான். அந்த வீட்டில் தட்டைத் தட்டியதற்கு அடி விழுந்திருக்காது என்று நினைக்கிறேன். விழுந்திருந்தாலும் காலப்பிரமாணம் பிசகாமல் விழுந்திருக்கும். சென்னையில் இருந்ததால் ஒரு காதில் நோயல் கிராண்ட் என்ற டிரம்ஸ் கலைஞரையும் பில்லி கோபாமின் இசைத்தட்டுகளையும், மறு காதில் குன்னக்குடி வைத்தியநாதனையும் வலையப்பட்டியின் தவிலையும் விக்கு விநாயக்ராமின் கடத்தையும் கேட்டு வளர முடிந்தது. சுந்தரபாண்டியபுரத்தில் இருந்த எங்களுக்கு ரெண்டு காதுக்கும் சேர்த்து ஒரே குழாய் ஸ்பீக்கர்தான். அதுவும் கோயில் கொடைக்குத்தான் கட்டுவார்கள்.

கொடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊர் தென்காசிக்கும் சுரண்டைக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் குளம், வயல், மேற்கே மலை. வருஷம் முழுக்க அமைதியாகக் கிடந்துவிட்டு, கொடை வந்தால் சேர்த்துவைத்த சத்தத்தையெல்லாம் ஒரே மூச்சில் செலவழிக்கும் ஊர். சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்து நடக்கும். ரெண்டு மகுடம்: ஒன்று உச்சம், ஒன்று மந்தம். பனியில் தோல் தொய்ந்துவிட்டால் ஓலையைக் கொளுத்தி அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டி, பிறகுதான் ஆட்டம். அம்மன் கோயில் பக்கம் நையாண்டி மேளம். தவில்காரர் ஒரு கேள்வி கேட்பார். பம்பைக்காரர் பதில் சொல்வார். பதில் பிடிக்காவிட்டால் தவில்காரர் கேள்வியை மாற்றிக் கேட்பார். கரகம் ஆடுகிறவரைப் பார்க்கிற கூட்டம் பெரிசு. மேளத்தைப் பார்க்கிறவர்கள் எங்களைப் போல் சில உருப்படாத பையன்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் 'மாபெரும் இன்னிசைக் கச்சேரி'. இங்கேதான் எங்கள் டிரம்ஸ் அண்ணாச்சி வருகிறார்.

பகலில் அவருக்கு அரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலை. கொடைக் காலத்தில் ராத்திரியில் டிரம்ஸ். செட் அவருடையது அல்ல, வாடகைக்கு எடுத்தது. காலால் மிதிக்கிற பெடல் ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிடும். அதைவிடப் பெரிய தொல்லை, மிதிக்க மிதிக்க அந்தப் பெரிய பாஸ் டிரம் மேடையில் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ரெண்டு பாட்டு முடிவதற்குள் டிரம் பாடகர் காலடிக்குப் போய்விடும், அண்ணாச்சி ஸ்டூலோடு பின்னாலேயே போவார். இதற்கு மருந்து ஒரு செங்கல். டிரம்முக்கு முன்னால் செங்கல்லை வைத்து, அது நகராமல் காலால் அழுத்திக்கொண்டு உட்கார ஒரு பையன் வேண்டும். அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. தமிழ்த் திரையிசையின் பொற்காலத்தை நான் செங்கல்லை மிதித்தபடி, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டேன். அங்கிருந்து பார்த்தால் பாடகருடைய வெள்ளைப் பேன்ட்டின் பின்பக்கமும் அதற்கப்பால் ஜனங்களும் தெரிவார்கள். ஜனங்களுக்கு எங்களைத் தெரியாது. 'ஒன்ஸ்மோர்' என்று கத்துவார்கள், அது பாட்டுக்கு. டிரம்ஸுக்கு ஒன்ஸ்மோர் கேட்ட கொடையை நான் கண்டதில்லை.

"மூணு ஆளு வேலைடே இது, ஒத்த ஆளு பாக்கேன்" என்பார் அண்ணாச்சி. பெருமையா, கூலி பற்றிய புகாரா என்று அப்போது விளங்கவில்லை. பிறகு படித்தபோதுதான் அவர் சொன்னது சரித்திரம் என்று தெரிந்தது. அமெரிக்காவில் முன்பெல்லாம் பெரிய டிரம்முக்கு ஒருவர், சின்ன ஸ்நேருக்கு ஒருவர், ஜால்ராவுக்கு ஒருவர் என்று தனித்தனி ஆள் வைத்திருந்தார்கள். நாடகக் கொட்டகையில் அத்தனை பேருக்கு இடமும் கிடையாது, கொடுக்கப் பணமும் கிடையாது. 1909இல் வில்லியம் லுட்விக் நன்றாக வேலை செய்கிற ஒரு கால்பெடலுக்குக் காப்புரிமை வாங்கினார். மூன்று பேர் வேலை ஒருவன் மடியில் விழுந்தது. ஜாஸ் அந்த ஒருவனை நம்பித்தான் வளர்ந்தது, ராக் அவனை நம்பித்தான் அலறியது. டிரம்ஸ் செட் என்பதே ஆள்குறைப்பில் பிறந்த வாத்தியம். பிறந்த வழியிலேயே அதற்குச் சாவும் எழுதியிருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜாஸுக்கும் ராக்குக்கும் என்ன வித்தியாசம் என்று அண்ணாச்சியிடம் ஒருமுறை கேட்டேன். ராக் என்றால் நாலு எண்ணிக்கையில் இரண்டாவதும் நாலாவதும் ஸ்நேரில் ஓங்கி விழ வேண்டும், சந்தேகத்துக்கே இடமில்லை என்றார். ஜாஸ் அப்படியில்லை. வலது கை பெரிய சிம்பலில் சொல்லிக்கொண்டே போகும். இடது கை எப்போது வரும், எங்கே வெட்டும் என்று யாருக்கும் தெரியாது. நம் டீக்கடையில் ஒருத்தர் அரசியல் பேசிக்கொண்டே போக, இன்னொருத்தர் "அதான் இல்ல", "யாரு சொன்னா?" என்று நடுவில் வெட்டுகிறாரே, அதே கதை. பிறகு அவரே சொன்னார்: "நமக்கு எது வந்தா என்ன? இளையராஜா ஒரே பாட்டுல ரெண்டையும் வச்சுருவாரு, நடுவுல டப்பாங்குத்தும் வரும். மூணும் வரணும். இல்லன்னா அடுத்த கொடைக்கு வேற ஆளு."

பல்துறை வல்லமை என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அது சென்னையிலும் இப்படி வயிற்றுப்பாட்டில் வந்ததுதான். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்து, பின்னாளில் குழுவை நடத்தவும் செய்த புருஷோத்தமன் காலையில் ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியும் வாசித்தாக வேண்டும். 'இளைய நிலா' பாட்டில் கிடார் வாசித்த சந்திரசேகர் அவருடைய சகோதரர். இவர்கள் கைப்பட்ட பாட்டுகளைப் பாடாத வாய் தமிழ்நாட்டில் இல்லை. பெயரைக் கேட்டிருந்தால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. 2020இல், ஊரடங்குக் காலத்தில் புருஷோத்தமன் காலமானார். அப்போது வாட்ஸ்அப்பில் வந்த இரங்கல்களைப் பார்த்து, "இவர்தானா அது?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

சிவமணி இந்த உலகத்திலிருந்துதான் வந்தார். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மேடைகளில் வாசித்தார், சினிமாவுக்கு வாசித்தார். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா ஆகியோரோடு 'ரூட்ஸ்' என்றொரு குழுவில் கீபோர்ட் வாசித்தாரே, அதில் தாளம் சிவமணி. சென்னையில் ராக் வாசித்த பையன்கள் அன்றைக்கு எங்களுக்கு எவ்வளவு தூரம் என்றால், குற்றாலத்து மெயின் அருவியிலிருந்து தேனருவி எவ்வளவு தூரமோ அவ்வளவு. சத்தம் இருப்பது தெரியும், போய்ப் பார்த்தவர் கிடையாது.

பிறகு 1992 ஆகஸ்ட் 15 அன்று 'ரோஜா' வந்தது. கதாநாயகி எங்கள் ஊர்ப் பெண். அதாவது, கதையில். மணிரத்னம் இந்தியாவில் அத்தனை ஊர் இருக்க எங்கள் ஊர்ப் பெயரை வைத்ததில் ஊருக்கு வந்த கர்வம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. எந்தக் காட்சி எங்கள் ஊர், எந்தக் காட்சி வேறு ஊர் என்ற பஞ்சாயத்து இப்போதும் டீக்கடையில் நடக்கிறது. தீர்ப்பு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அண்ணாச்சி மட்டும் படத்தைப் பார்க்கவில்லை, கேட்டார். கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, டேப்ரிக்கார்டரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் சரியில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"பாதி மனுசன்டே. பாதி மிஷின்."

ஊரே பெயருக்காகத் துள்ளிக்கொண்டிருந்தபோது, எங்களில் ஒருவருக்கு மட்டும் அந்தப் படத்தில் தன் பிழைப்பின் முடிவு கேட்டது. லின் என்ற டிரம் மிஷினும் ரோலண்டின் 808ம் வந்தது 1980இல். குச்சியால் தட்டினால் எந்த வாத்தியத்தின் சத்தமும் தருகிற ஆக்டபேட் 1985இல். ஜப்பானிலிருந்து கோடம்பாக்கம் வர அதற்கு அதிக நாள் ஆகவில்லை. கோடம்பாக்கத்திலிருந்து எங்கள் அம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. அது வந்த வருஷம் கச்சேரிக்காரர்கள் வேன் வாடகையை மிச்சப்படுத்தினார்கள். கால்மேஜை அளவுக்கு ஒரு பேட், அதற்கு ஒரு ஸ்டாண்ட். முன்னால் நகராது, செங்கல் வேண்டாம், செங்கல்லை மிதிக்கப் பையனும் வேண்டாம். என் பதவி முதலில் போனது. அண்ணாச்சிக்கு ஒரு பருவம் தம்பூரின் குலுக்கக் கொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் பேட் வாசித்தவரையும் கீபோர்டுக்காரர் அனுப்பிவிட்டார், அவர் பெட்டிக்குள்ளேயே ரிதம் இருந்தது. இப்போது கீபோர்டுக்காரரும் இல்லை. லேப்டாப்பில் ட்ராக் போட்டுவிட்டுப் பாடுகிறார்கள். வெள்ளைப் பேன்ட் மட்டும் பாக்கி, அதுவும் ஜீன்ஸாகிவிட்டது.

2005இல் 'அந்நியன்' வந்தபோது ஊர் இன்னும் ஒரு படி உயர்ந்தது. ஒரு பாட்டுக்காகத் தெருவுக்கும் வீட்டுக்கும் ஷங்கர் பெயின்ட் அடிக்கவைத்தார். பாறைகளில் சினிமா நட்சத்திரங்களின் முகங்களை வரைந்தார்கள். அந்தக் குத்துப்பாட்டு படமாக்கப்பட்டபோது ஊருக்குள் அத்தனை மேளக்காரர்கள் இருந்தார்கள். சத்தம் மட்டும் டேப்பில் சென்னையிலிருந்து வந்தது. சினிமா முறையே அதுதான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊருக்கு வந்த வேலை கண்ணுக்கு மட்டும் வந்தது.

இந்த இடத்தில் சிவமணி செய்ததைச் சொல்ல வேண்டும். பின்வரிசை நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அவர் எழுந்து மேடையின் முன்னால் வந்துவிட்டார். ரஹ்மானுக்கு 'தில் சே', 'தால்', 'லகான்', 'ரங் தே பசந்தி' என்று வாசித்துக்கொண்டே, இன்னொரு பக்கம் லூயி பேங்க்ஸ், சங்கர் மகாதேவன், கார்ல் பீட்டர்ஸ் ஆகியோருடன் 'சில்க்' என்ற ஜாஸ் குழுவில் இருந்தார். ஜான் மெக்லாஃப்லினின் 'ரிமெம்பர் சக்தி' 2000 டிசம்பரில் மும்பையில் வாசித்த கச்சேரி அடுத்த வருஷம் இசைத்தட்டாக வந்தது. அதில் டிரம்ஸ் சிவமணி. அதே தட்டில் ஹரித்வாரமங்கலம் பழனிவேலின் தவிலும் இருக்கிறது. விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவும் இருக்கிறது. மெக்லாஃப்லின் எழுபதுகளின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா நடத்தியபோது அதில் ஜாஸையும் ராக்கையும் ஒரே செட்டில் இடித்தவர் பில்லி கோபாம். பிறகு மெக்லாஃப்லின் தொடங்கிய சக்தியில் டிரம்ஸ் செட்டே இல்லை, விக்குவின் கடம் இருந்தது. கோபாமைக் கேட்டு வளர்ந்த சென்னைப் பையன், கடம் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் டிரம்ஸோடு போய் உட்கார்ந்ததில் ஒரு பெரிய வட்டம் இருக்கிறது. எங்கள் ஊரில் நான் இதை விளக்கியபோது, "சரி, அதுக்கு எவ்வளவு குடுப்பாங்க?" என்று கேட்டார்கள்.

அண்ணாச்சிக்கு அந்தத் தட்டைப் போட்டுக் காட்டினேன். சிவமணி வருகிற இடங்களில் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் சொன்னார்: "செங்கல் வைக்க ஆளில்லபோல. முன்னால நகந்துக்கிட்டே வந்துட்டாரு பாத்தியா!"

நகர்ந்தது கொஞ்சநஞ்சம் அல்ல. 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது சென்னை சூப்பர் கிங்ஸுக்காகச் சேப்பாக்கத்தில் டிரம்ஸ் வாசித்தார். தோனி ஒரு சிக்ஸர் அடித்தால் சிவமணி ஒரு ரோல் அடிப்பார். வாளி, சமையல் பாத்திரம், கையோடு கொண்டுவந்த சூட்கேஸ் என்று கண்ணில் பட்டதெல்லாம் வாத்தியம். தண்ணீர் வாளியில் சிம்பலை முக்கி எடுத்துச் சத்தத்தை வளைக்கிற வித்தையை உலக மேடைகளில் பிரபலமாக்கியவர் மும்பையின் திரிலோக் குர்ட்டு. சிவமணி அதற்கு நம் ஊர்ச் சிரிப்பையும் தலைத்துணியையும் சேர்த்தார். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: சூட்கேஸைத் தட்டுவது முதல் தடவை அதிசயம், அதற்கப்புறம் சூட்கேஸ்தான். தனி ஆவர்த்தனத்தில் அவர் பத்து நிமிஷம் விளையாடுவதைவிட, ஒரு பாட்டுக்குள் அடங்கி நாலு மாத்திரைக்கு ஒரு திருப்பம் கொடுப்பதுதான் எனக்குப் பெரிசு. ஆனால் அடங்கி வாசித்தவர்கள் கதி என்னவாயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆகவே சூட்கேஸ் வாழ்க. 2014இல் 'அரிமா நம்பி', 2016இல் 'கணிதன்' என்று படங்களுக்கு இசையும் அமைத்தார். 2019இல் பத்மஸ்ரீ. அதே 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. எங்கள் ஊர் அந்த இரண்டாவது விருதைத்தான் கொண்டாடியது.

இப்போது ஆடி மாதத்தில் வந்து பாருங்கள். சூரியகாந்தி பூத்தால் கேரளத்துக் கார்கள் வரிசை கட்டுகின்றன. ஐந்தருவியில் குளித்து, பார்டரில் புரோட்டா தின்று, பூவுக்குள் நின்று ரீல்ஸ் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பின்னணிக்குப் பெரும்பாலும் ரோஜா பாட்டு. வயலோரத்தில் டீயும் இளநீரும் விற்கிறவர்களில் ஒருவர் டிரம்ஸ் அண்ணாச்சி; அரிசி ஆலை மூடிப் பல காலமாயிற்று. கல்யாணங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செண்டை மேளம் வருகிறது, வேட்டி ஒரே நிறம், சத்தம் ஒரே அளவு, போட்டோவுக்கு நன்றாக இருக்கிறது. நையாண்டி மேளக்காரர்கள் அரசு விழாக்களில் கலைநிகழ்ச்சி நேரத்துக்கு வருகிறார்கள், மேடையேறிச் சூடு பிடிப்பதற்குள் 'நேரமாச்சு' என்று சீட்டு வந்துவிடுகிறது. மகுடத்தைப் பற்றிப் பாளையங்கோட்டை சேவியர் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை மாதிரியான இடங்களில் ஆய்வேடு எழுதுகிறார்கள். வாசிப்பவரைவிட எழுதுபவர் கூடிவிடுவார்களோ என்று ஒரு கவலை உண்டு.

தட்டினால் அடி விழுந்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இன்று டிரம்ஸ் வகுப்பு. லண்டன் ட்ரினிட்டி கல்லூரிப் பரீட்சையில் கிரேடு கிரேடாகத் தேறுகிறார்கள். சென்னையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு எலெக்ட்ரானிக் டிரம்ஸ் செட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். தோலுக்குப் பதில் வலை. சத்தம் முழுக்க ஹெட்போனுக்குள். வாசிப்பவனுக்கு ஸ்டேடியம், வீட்டாருக்கு டொக்டொக். கொட்டு என்றால் ஊரைக் கூட்டுவது என்று நினைத்திருந்தேன். இந்த வாத்தியத்தின் சிறப்பே யாருக்கும் கேட்காது என்பதுதான் என்று கடைக்காரர் சொல்லி விற்றாராம்.

போன வருஷம் பேத்தி கல்லூரி விஷயமாகச் சென்னைக்கு வந்த அண்ணாச்சி எங்கள் அக்கா வீட்டுக்கும் வந்தார். "தாத்தா, நீங்க வாசிப்பீங்களாமே" என்று பையன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அண்ணாச்சி முதலில் குனிந்து பெடலுக்கு முன்னால் பார்த்தார். அடியில் ரப்பர் மெத்தை, நகராது. ஹெட்போனை மாட்டிக்கொண்டார். எங்களுக்கு டொக்டொக்தான் கேட்டது, ஆனால் அந்த டொக்டொக்கில் இரண்டும் நாலும் சரியாக விழுந்தன. வலது கை சொல்லிக்கொண்டே போயிற்று. இடது கை நடுவில் வெட்டியது. கால் மட்டும் பழைய வாடகை செட்டை மிதிக்கிற பலத்தோடு தரையை இடித்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் காலிங் பெல். கீழ்வீட்டுக்காரர் பனியனோடு நின்றார். "சார், யாரு சார் மேல உரல் இடிக்கிறது?"

அக்கா மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு, ஹெட்போன் மாட்டியவர்களுக்கே உரிய உரத்த குரலில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"என்னடே சொல்லுதாரு? ஒன்ஸ்மோரா?"